அப்பா தூக்கத்தில் கத்தினார், அம்மா விபூதி பூசினார்: பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளைத் தாங்கியது எது?

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூர்ப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். எங்கள் வீட்டிலும் கறுப்புச் சாயம் அடித்த டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் நம்பர், ரேங்க், பெயர். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் முகவரி '56 ஏ.பி.ஓ.' தான்.

அப்பா மதராஸ் ரெஜிமெண்ட். 1987 இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய், 1990 மார்ச்சில் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கினார். கடைசிப் படையணிகள் இலங்கையை விட்டுப் புறப்பட்டது அந்த மாதம் 24 ஆம் தேதி. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். அப்பா வீட்டுக்கு வந்தார், பெட்டியை இறக்கினார், குளித்தார், சாப்பிட்டார். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

அன்றிலிருந்து இரவில் கத்துவார். அம்மா எழுந்து நெற்றியில் விபூதி பூசி, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. தோசைக்கல்லின் சத்தம் மட்டும் கேட்கும்.

பாட்டி என்னை வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே பாட்டி கும்பிட மாட்டார், சண்டை போடுவார். "என் பிள்ளையை உயிரோடு கொடுத்தாய், தூக்கத்தை ஏன் எடுத்துக்கொண்டாய்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அம்மனிடம் கேட்பார், அழுவார், மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்து எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். நானும் அழுதிருக்கிறேன். தம்பி வரமாட்டான். அவன் அம்மாவோடு வீட்டுப் பூஜை அறையில் உட்காருவான். அங்கே அழக்கூடாது, விளக்கின் முன் கண்ணீர் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சொல்வார். நாங்கள் இருவரும் சாமி கும்பிட்டு வளர்ந்தவர்கள்தாம். நான் ஏதோ சமாளித்து வாழ்கிறேன். பாட்டி இறந்தபோது தம்பி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. விடுமுறையில் தாத்தா வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு 68 வயது, இன்னும் கத்துகிறார். "தாத்தா ஏன் ராத்திரி கத்துகிறார்?" என்று கேட்டிருக்கிறாள். "தாத்தாவுக்குச் சாமி வருகிறது" என்று அம்மா சொல்லிவிட்டார். போன வாரம் நான் அங்கே தங்கியிருந்தபோது நேரிலேயே பார்த்தேன். அப்பா கத்தினார். என் மகள் பாயில் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அவளுக்கு என்ன சொல்வது? எங்களுக்குப் பக்தி உதவியதா, கெடுத்ததா? இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

குமரிக்கரை

அக்கா, அந்தக் கடைசிக் காட்சியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா காஷ்மீரில் இருந்த காலத்தில் தினமும் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அம்மா, அக்கா, நான். ஆளுக்கு ஒரு ஜெபம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1999 இல் கார்கில் சண்டை நடந்த அந்த இரண்டு மாதமும், "ஆண்டவரே, அப்பா செத்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது" என்று நான் தினமும் சொல்லியிருக்கிறேன். பகலில் அதே வாக்கியத்தைச் சொன்னால் அம்மா வாயில் அடிப்பார், அபசகுனம் என்பார். ஜெபத்தில் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆமென் சொல்லிவிட்டு அம்மா என் தலையைத் தடவுவார்.

அப்பா சேவை முடிந்து வந்தபிறகு ஜெபத்தை அவர் நடத்தினார். பரேடு மாதிரி. நேராக உட்கார வேண்டும், வசனம் ஒப்பிக்க வேண்டும், தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. அப்பாவின் முன்னால் "அப்பாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று எப்படி ஜெபிப்பது? மனப்பாடமாக நாலு வரி சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அதே பாய், அதே வேதாகமம், அதே எட்டு மணி. ஆனால் பயத்தைச் சொல்ல எனக்கு வீட்டில் இருந்த ஒரே இடம் போய்விட்டது.

அதனால் 'பக்தி உதவியதா' என்ற கேள்விக்கு என்னால் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடம் உதவியது. பிறகு இல்லை.

கறுப்புமை

சகோதரி, உங்கள் வலியைக் குறைத்துப் பேச வரவில்லை. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் தந்தையும் விமானப்படையில் இருந்தவர். நேர்மையாக ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

உங்களைக் காப்பாற்றியவர் மாரியம்மன் அல்ல, பாட்டி. வெள்ளிக்கிழமைதோறும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், உங்கள் முன்னால் அழுது, உங்களையும் அழவிட்டு, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்த ஒரு மனுஷி. ஹவாயில் காவாய் தீவில் 1955 இல் பிறந்த கிட்டத்தட்ட எழுநூறு குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, மனநோய் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அப்படித் தலையெடுத்தவர்களின் வாழ்க்கையில் பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பாட்டி உங்களை நூலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தாலும் நீங்கள் தலையெடுத்திருப்பீர்கள்.

'சாமி வருகிறது' என்ற விளக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்காகப் பலர் போராடிய பிறகு 1980 இல் மருத்துவ உலகம் பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்ட, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு அது. அதைச் சாமி என்றால் உங்கள் தந்தைக்குச் சிகிச்சை கிடைக்காது. குழந்தைக்கு உண்மையும் கிடைக்காது.

திண்ணைவாசி

ஐயா, வெர்னர் பற்றிய செய்திக்கு நன்றி. 'சாமி வருகிறது' என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் பாட்டியையும் அம்மனையும் பிரிக்க என்னால் முடியவில்லை. பாட்டி நூலகத்தில் அழுதிருக்க மாட்டார். வீட்டில் அழுதால் மருமகளுக்குச் சங்கடம், தெருவில் அழுதால் வம்பு. மகன் உயிரோடு திரும்பி வந்திருக்கும்போது தாய் அழுதால் ஊர் என்ன சொல்லும்? செத்தவனுக்கு நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்ட நாடு இது. எங்கள் மாவட்டத்து ஏரிக்கரைகளில் இன்றும் அவை நிற்கின்றன. உயிரோடு திரும்பியவனுக்காக அழ ஒரு பாட்டு, ஒரு கல் கிடையாது. பாட்டிக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கோயில் வாசல்தான். அதை மட்டும் கழித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாலாறு_மகள்

அஸ்ஸலாமு அலைக்கும், அக்கா. நாங்கள் ஆம்பூர். அத்தா சியாச்சினில் இருந்தவர்.

அத்தா கத்தமாட்டார். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பிறகு பின்கட்டுக்குப் போய் ஒளு செய்வார், தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது. அந்தத் தண்ணீர் சத்தத்தை நான் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, கால் என்று எந்தச் சத்தம் எதற்கு என்று எனக்கு அத்துப்படி. கால் கழுவும் சத்தம் வந்துவிட்டால் அத்தா திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம், நான் தூங்கிவிடுவேன். பிறகு தொழுவார். அது அவருக்கு என்ன கொடுத்ததோ, அடுத்த அறையில் படுத்திருந்த எனக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. பயத்துக்கு ஒரு முடிவு உண்டு, அது இத்தனை நிமிடத்தில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறவில் ஒரு பெரியவர், ஈமான், அதாவது இறைநம்பிக்கை, உறுதியாக இருந்தால் இப்படிக் கனவு வராது என்று அத்தாவிடம் சொல்லிவிட்டார். பதினொரு வருடம் அத்தா டாக்டரிடம் போகவில்லை. தன் ஈமானில்தான் குறை என்று நம்பினார். அந்தப் பதினொரு வருடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நெல்லிமரம்

சென்னையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். படைவீரர் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பழக்கம் உண்டு. நீங்கள் எல்லோரும் எழுதியிருப்பதை எங்கள் துறையின் பேச்சோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், போரிலிருந்து வந்த தந்தையின் பாதிப்பு பிள்ளையிடம் தெரிவது புதிய கண்டுபிடிப்பல்ல. வியட்நாம் வீரர்களின் பிள்ளைகளைப் பற்றி ரோசன்ஹெக், நாதன் என்ற இருவர் 1985 இலேயே எழுதினார்கள். அதோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும்: இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகள் நோயாளிகள் ஆவதில்லை. தாயோ தந்தையோ படித்தவுடன் "என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன்" என்று நினைக்க வேண்டாம்.

இனி உணர்ச்சி. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் உணர்ச்சியை நெறிப்படுத்தும் வழிகளை, அவை எந்தக் கட்டத்தில் நுழைகின்றன என்று வரிசைப்படுத்தினார். திண்ணைவாசியின் வீட்டை வைத்தே சொல்கிறேன். அப்பாவின் அறைப்பக்கம் போகாமலிருப்பது ஒரு வழி. ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கவனத்தைத் திருப்புவது இன்னொன்று. "அப்பா என் மேல் கோபப்படவில்லை, பழைய பயம் ஒன்று அவரை உலுக்குகிறது" என்று நடப்பதை வேறு விதமாகப் புரிந்துகொள்வது மூன்றாவது. அழுகை தொண்டைக்கு வந்தபிறகு முகத்தில் காட்டாமல் விழுங்குவது கடைசி. கிராஸும் அவரோடு இருந்தவர்களும் செய்த சோதனைகளில், விழுங்கியவர்களின் முகம் அமைதியாக இருந்தது. உடம்பு அமைதியாக இல்லை, உள்ளே இருந்த உணர்ச்சியும் குறையவில்லை. தம்பியின் மூன்று நாள் வயிற்றுவலிக்கு இதுதான் காரணம் என்று பார்க்காமல் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விவரத்தில் என் பேனா நின்றது.

எப்போதும் எல்லோர் முன்னாலும் கொட்டிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. பெரியவர் முன் குரலைத் தாழ்த்துவது நம் பண்பாட்டில் மரியாதை. ஆசிய மரபில் ஊறியவர்களுக்கு அடக்கிவைப்பதால் வரும் உறவுச் சேதம் குறைவு என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. நான் காஞ்சிபுரத்துக்காரி, ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். கரை வேண்டும். மதகும் வேண்டும். மதகே இல்லாமல் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதைத்தான் தம்பியின் கதையில் பார்க்கிறேன்.

அடுத்து பக்தி. கென்னத் பார்கமென்ட் என்பவர் சமயம் சார்ந்த சமாளிப்பை இரண்டாகப் பிரித்தார். கடவுள் என்னோடு இருக்கிறார், இந்தத் துன்பத்தை நாங்கள் சேர்ந்து சுமக்கிறோம் என்பது ஒன்று. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்பது மற்றொன்று. வயதான நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அவர் குழு 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது வகை எண்ணத்தில் சிக்கியவர்களுக்கு இறப்பு அபாயமே கூடுதலாக இருந்தது. 'சாமி குத்தம்', 'போன ஜென்மத்துப் பாவம்', 'ஈமான் குறைவு' எல்லாம் அந்த இரண்டாவது வகை. ஆம்பூர் சகோதரியின் தந்தை பதினொரு வருடம் அதைச் சுமந்திருக்கிறார்.

பாட்டி அம்மனோடு போட்ட சண்டையை நான் இரண்டாவது வகையில் சேர்க்கமாட்டேன். சண்டை போடுபவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருத்தி எதிரே இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் குரல் உயர்கிறது.

கறுப்புமை ஐயாவுக்கு ஆதரவாகவும் ஒரு செய்தி. 'ஆன்மிகம் உள்ள பிள்ளைகளுக்கு மீண்டெழும் ஆற்றல் அதிகம்' என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டு வினாத்தாள்களைக் கொடுத்து மதிப்பெண்ணை ஒப்பிட்டவை. எது காரணம், எது விளைவு என்று அவற்றால் சொல்ல இயலாது. இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 2003 இல் வந்து உலகெங்கும் பயன்படும் கானர், டேவிட்சன் அளவுகோலின் 25 வாக்கியங்களில் கடவுள் அல்லது விதியின் உதவியைப் பற்றிய வாக்கியமும் ஒன்று. ஆற்றலை அளக்கும் கோலுக்குள்ளேயே பக்தி இருந்தால், இரண்டும் சேர்ந்து ஏறுவதில் ஒரு பங்கு நாமே உள்ளே வைத்தது.

இந்தப் பொருளில் நிறைய எழுதப்பட்ட நாடு ஈரான். 1980 முதல் 1988 வரை எட்டாண்டுப் போர். காயத்தோடு திரும்பியவர்களை அங்கே 'ஜான்பாஸ்' என்பார்கள், உயிரைப் பணயம் வைத்தவர் என்று பொருள். இராக் வீசிய கடுகு வாயுவால் நுரையீரல் வெந்தவர்கள் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தந்தையைச் சமூகம் புனிதராக்கி வைத்திருக்கிறது. அதில் பிள்ளைக்குப் பெருமை உண்டு, பாதுகாப்பும் உண்டு. ஆனால் புனிதரின் மேல் கோபம் வந்தால் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? 1990 இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தந்தைக்கு மாலையே கிடையாது. அவரைப் பற்றிப் பெருமையாகவும் பேச முடியாது, வருத்தமாகவும் பேச முடியாது. ஒரு வீட்டில் மரியாதை மிகுதி, மறு வீட்டில் மரியாதையே இல்லை, இரண்டிலும் வாய் மூடியிருப்பது பிள்ளைதான்.

கறுப்புமை

அளவுகோல் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. 'பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருத்தி' என்ற வரியைப் படித்தபின் திண்ணைவாசிக்கு நான் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நூலகம் அதே வேலையைச் செய்திருக்கும் என்று சொன்னது தவறு. அங்கே சத்தம் போட அனுமதியில்லை. என் நிலைப்பாடு மாறவில்லை, அந்த உதாரணத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

சுபேதார்_ஓய்வு

மகளே, உன் பதிவை என் மனைவி படித்துக்காட்டினாள். நான் எழுதிப் பழகியவன் அல்ல.

யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேட் உண்டு. ராணுவத்தில் தர்ம குரு என்று தனிப் பதவியே இருக்கிறது. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று அந்தந்தப் படைக்குத் தக்கபடி நியமிப்பார்கள். பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்துக்கும் 'சர்வ தர்ம ஸ்தல்' இருக்கும். ரோந்து போகுமுன் ஒன்றாகக் கும்பிடுவோம். பக்கத்தில் நிற்பவன் தோள் என் தோளில் இடிக்கும். பயம் எனக்கும் இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது என்று அந்த இடியிலேயே தெரியும். யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை.

எங்கள் காலத்தில் சிப்பாய்கள் பலர் பதினைந்து, பதினேழு வருடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவோம். நாற்பது வயது நிறையாது. பிள்ளைக்குப் பத்து வயது. அதுவரை வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வந்து பிஸ்கட்டும் ஸ்வெட்டரும் கொடுத்த விருந்தாளி, திடீரென்று வீட்டுத் தலைவன் ஆகிறான். பூஜை அறையில் தனியாக உட்காருகிறேன், தோள் இடிக்க ஆளில்லை. கும்பிடும் வார்த்தை அதேதான், மனம் மட்டும் நிற்கவில்லை. என் மகனை ஷூ பாலிஷ் சரியில்லை என்று அடித்தேன். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் 'பரவாயில்லை அப்பா' என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்ன வேகம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஒரு காரியம் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அப்பா கத்தும்போது யாரும் கிட்டே போய்த் தொட்டு எழுப்பக்கூடாது. அரைத்தூக்கத்தில் கை ஓங்கிவிடும், அது அவர் கை அல்ல. உன் அம்மா இத்தனை வருடம் நெற்றியைத் தொட்டும் அடி வாங்கவில்லை என்றால் அது அவருடைய பழக்கம், குழந்தை அதைச் செய்ய வேண்டாம். விளக்கைப் போட்டு, எட்டி நின்று, பெயர் சொல்லி, "வீட்டில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால் போதும்.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நீங்கள் அமைதிப்படை என்கிறீர்கள், நாங்கள் இந்தியன் ஆமி என்போம். 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் அந்த ஆமி புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் சுட்டுக் கொன்றதை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்த உரையாடலில் சேர்ந்தால் நான் பொய்யனாகிவிடுவேன். சொல்லிவிட்டேன்.

அக்கா, உங்கள் மகள் இருட்டில் கும்பிட்டதைப் படித்தபோது எனக்கு என் அம்மம்மா வீடு நினைவுக்கு வந்தது. ஷெல் விழும் சத்தம் கேட்டால் அம்மம்மா எங்களைப் பங்கருக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தேவாரம் படிப்பார். நாங்களும் கைகூப்பித்தான் இருந்தோம். அதே வயது. எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அந்தக் கைகள் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இந்தக் காயத்துக்கு 'மனவடு' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. ஆலோசனைக்கு 'உளவளத்துணை' என்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இதில் உழைத்தவர். மூச்சுப்பயிற்சி, தசைகளைத் தளர்த்துதல் என்று வெளியிலிருந்து கொண்டுவருவதை மட்டும் அவர்கள் கற்பிக்கவில்லை. சைவருக்கு ஓம் என்ற உச்சாடனம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ர் என்று மக்கள் ஏற்கெனவே அறிந்த ஒன்றை மனத்தைத் தளர்த்தும் பயிற்சியாகப் பயன்படுத்தினார்கள். கோயில் அம்மம்மாவுக்குத் தெரிந்த இடம், மனநல விடுதி தெரியாத இடம். தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஆட்கள் வருவார்கள்.

ஆனால் அங்கேயும் பாலாறு சகோதரி சொன்னது நடந்தது. காணாமல் போன மகனைப் பற்றிக் குறி கேட்கப் போய், "உயிரோடுதான் இருக்கிறான்" என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, துக்கம் காக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வருடக்கணக்கில் இருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தத் தாய்மாரின் மற்றப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் அப்பா அங்கே என்ன செய்தார், என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். உங்கள் மகளுக்குப் பயமில்லாத நித்திரை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கரும்பலகை

அரசுப் பள்ளி ஆசிரியை. டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியல் ஏந்துகிறோம், கொடி குத்துகிறோம். வகுப்பில் படைவீரர் பிள்ளை யார் என்று கேட்டுக் கைதட்டச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு 'வீட்டில் எப்படி இருக்கிறது' என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்த ஆண்டு கேட்பேன்.

நெல்லிமரம்

திண்ணைவாசி, குழந்தைக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் நீளமாக எழுதிவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள், அளவோடு. ஒன்பது வயதுக்கு மூன்று செய்திகள் போதும்: தாத்தாவுக்கு முன்பு ஒரு காலத்தில் மிகவும் பயமான ஒன்று நடந்தது, தூக்கத்தில் அது மறுபடி நடப்பதுபோல இருக்கிறது, அதற்கு நீ காரணமல்ல, நீ சரிசெய்யவும் வேண்டாம். சம்பவத்தின் விவரங்கள் தேவையில்லை. அவள் கும்பிடுவதைத் தடுக்க வேண்டாம். தன் கும்பிடுதான் தாத்தாவைக் காப்பாற்றுகிறது என்ற பாரம் மட்டும் அவள் தலையில் ஏறக்கூடாது. முடிந்தால் உங்கள் அப்பாவே சொல்லட்டும். யார் வாயிலிருந்து வருகிறது என்பது குழந்தைக்கு முக்கியம்.

அப்பாவுக்கு இந்த வயதிலும் சிகிச்சை பலன் தரும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் அங்கிருந்து மனநல மருத்துவருக்குப் பரிந்துரை வாங்கலாம். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

திண்ணைவாசி

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும், இன்று முடியாது. வடமராட்சி அண்ணாவுக்கு மட்டும்: நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எழுதியதற்கு நன்றி.

அம்மாவிடம் முதலில் பேசினேன். கோபப்பட்டார். "நான் என்ன, குழந்தையைப் பயமுறுத்தவா சொன்னேன்? பயப்படாமல் இருக்கத்தான் சொன்னேன்" என்றார். அது உண்மை. இருபத்தொன்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, கத்தும் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. விபூதியும் முருகனும்தான் கையில் இருந்தன. அதை அவரிடம் சொன்னேன். அழுதார். பூஜை அறை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார், அங்கேயே அழுதார்.

அப்பாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "நீங்கள் கத்தும்போது பாப்பா எழுந்து உங்களைக் கும்பிடுகிறாள்." அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவளைத் திண்ணைக்குக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அது சாமி இல்லை, பாப்பா. தாத்தா ஒரு ஊரில் ரொம்பப் பயந்துபோனேன். தூங்கினால் சில நாள் அந்த ஊருக்குப் போய்விடுகிறேன்."

"எந்த ஊர்?"

"நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும். பனைமரம் நிறைய இருக்கும்."

முப்பத்தைந்து வருடத்தில் அந்த இடத்தைப் பற்றி அப்பா சொல்லி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

விளக்கைப் போடலாம், கிட்டே வரக்கூடாது, எட்டி நின்று கூப்பிட வேண்டும் என்று சுபேதார் ஐயா சொன்னதையே அப்பாவும் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "தாத்தா என்று கூப்பிட்டால் போதுமா?" என்று அவள் கேட்டாள். போதும் என்றார். இரண்டு நாள் முன்பு கத்தினார். அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு, பாட்டியை எழுப்பிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்று அம்மா போனில் சொன்னார்.

மருத்துவரிடம் வர அப்பா ஒப்புக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. கிருத்திகை விரதம் முடியட்டும் என்றார், முடிந்தது. வியாழக்கிழமை போகிறோம். தம்பிக்கும் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.